பிஹெச் 6.98, சோடாபைகார்ப் போடலாமா? ட்ராமா அசிடோசிஸ் பற்றி ஒரு பஞ்சாயத்து

சயான்_ரெசிடென்ட்
மும்பையில் ட்ராமாவில் வேலை பார்க்கும் நம் ஆட்கள் யாராவது விழித்திருந்தால் கொஞ்சம் வாருங்கள். ஆளை அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன். நல்ல மழை, ஹார்பர் லைனில் ஓடும் லோக்கல் ரயிலிலிருந்து விழுந்த பையன், இருபத்துச் சொச்சம் வயது. வலது தொடை நசுங்கியிருந்தது, இடுப்பெலும்பு உடைந்திருந்தது. தலையில் அடி இல்லை, பேசிக்கொண்டுதான் வந்தான். பிபி 70, நாடி 140. டியூப் போட்டு வென்டிலேட்டரில் ஏற்றி, முதல் ரத்தப் பை ஓட ஆரம்பித்த பிறகு எடுத்த ஏபிஜி (தமனி ரத்தப் பரிசோதனை) இது: பிஹெச் (குறையக் குறைய ரத்தத்தில் அமிலம் கூடுதல்) 6.98, கார்பன் டை ஆக்சைடு 38, பைகார்பனேட் (அமிலத்தை முறிக்கும் உப்பு) 8.7, பேஸ் டெஃபிசிட் (அமிலத்தை முறிப்பதில் உள்ள பற்றாக்குறை) 21, லாக்டேட் (ஆக்சிஜன் போதாத திசுவில் சேர்வது) 13, ஹீமோகுளோபின் 6.8, அயனைஸ்டு கால்சியம் 0.82, பொட்டாசியம் 5.4.

ஒரு சார் “நாலு ஆம்ப்யூல் சோடாபைகார்ப் தள்ளு, 7க்குக் கீழே போனால் ஹார்ட் நின்றுவிடும்” என்றார், அமிலத்தை முறிக்கும் ஊசிதானே அது. இன்னொரு மேடம் “அதைத் தொடவே தொடாதே” என்றார். காரணம் சொல்ல யாருக்கும் நேரமில்லை, இருவரும் தியேட்டருக்குள் போய்விட்டார்கள். புத்தகத்தைப் புரட்டினால் “மூல காரணத்தைச் சரிசெய்யவும்” என்று ஒரே வரி. அது எனக்கும் தெரியும். மூல காரணத்தைச் சரிசெய்யும் வரை இடையில் இருக்கும் அந்த ஒரு மணி நேரத்துக்கு என்ன செய்வது?

மாட்டுங்கா_மயக்கமருந்து
தம்பி, பைகார்ப் பஞ்சாயத்து அப்புறம். வென்டிலேட்டரில் ரேட் எவ்வளவு வைத்திருந்தீர்கள்?

சயான்_ரெசிடென்ட்
ரேட் (நிமிடத்துக்கு மூச்சு) 14, டைடல் வால்யூம் (ஒரு மூச்சில் போகும் காற்று) 450. எல்லாருக்கும் வைப்பதுதான் அக்கா. கார்பன் டை ஆக்சைடு 38 நார்மல்தானே?

மாட்டுங்கா_மயக்கமருந்து
அதுதான் இங்கே நார்மல் இல்லை. இந்தப் பையன் கேஷுவல்டிக்குள் வரும்போது நிமிடத்துக்கு முப்பத்தைந்து நாற்பது முறையாவது மூச்சு வாங்கியிருப்பான். அது பயத்தில் மட்டும் வருவதில்லை. ரத்தத்தில் சேரும் அமிலத்தை ஈடுகட்ட நுரையீரல் கார்பன் டை ஆக்சைடை வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது. நீங்கள் தசைத் தளர்ச்சி மருந்து கொடுத்து டியூப் போட்டு ரேட் 14 வைத்த கணத்தில் அவன் தனக்குத்தானே செய்துகொண்டிருந்த அந்த வைத்தியத்தை நிறுத்திவிட்டீர்கள்.

கணக்குப் போட்டுப் பார். வின்டர்ஸ் ஃபார்முலாப்படி எதிர்பார்க்க வேண்டிய கார்பன் டை ஆக்சைடு: பைகார்பனேட்டை ஒன்றரையால் பெருக்கி எட்டைக் கூட்டு. 8.7க்கு 21 வருகிறது, இரண்டு கூடக் குறைய இருக்கலாம். உன் கையில் இருப்பது 38. ஆக இது வெறும் மெட்டபாலிக் அசிடோசிஸ் (திசுவிலிருந்து சேரும் அமிலம்) இல்லை, மேலே நாம் ஏற்றிவைத்த ரெஸ்பிரேட்டரி அசிடோசிஸும் (கார்பன் டை ஆக்சைடு வெளியேறாமல் சேரும் அமிலம்) இருக்கிறது. ரேட்டை 26, 28க்கு ஏற்றி கார்பன் டை ஆக்சைடை 25 பக்கம் கொண்டுவந்தால், பைகார்பனேட் அப்படியே இருந்தாலும் பிஹெச் 7.15க்குக் கிட்டே வந்துவிடும். ஒரு ஆம்ப்யூல்கூட உடைக்காமல்.

இன்னொன்று, மானிட்டரில் எண்ட் டைடல் (வெளிமூச்சில் அளக்கும் கார்பன் டை ஆக்சைடு) 26 என்று காட்டும், பார்த்துவிட்டு “போதும் போதும், ரேட்டைக் குறை” என்று யாராவது சொல்வார்கள். ஷாக்கில் (உடம்புக்கு ரத்த ஓட்டம் போதாத நிலையில்) இருக்கிறவனுக்கு நுரையீரலுக்குப் போகும் ரத்தமே குறைவு, டெட் ஸ்பேஸ் (காற்று போயும் ரத்தம் போகாத இடம்) அதிகம், எண்ட் டைடல் எண் நிஜத்தைவிட ரொம்பக் கீழே காட்டும். ஏபிஜியை நம்பு.

ஆனால் ரேட்டைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றாதே. உள்ளே போன காற்று முழுக்க வெளியே வருவதற்குள் அடுத்த மூச்சு போனால் மார்புக்குள் அழுத்தம் ஏறும். ஏற்கனவே காலியாக இருக்கும் இதயத்துக்கு ரத்தம் திரும்புவது இன்னும் குறையும், பிபி சரியும். ஸ்கிரீனில் வெளிமூச்சுக் கோடு அடிக்கோட்டைத் தொடுகிறதா என்று பார்த்துப் பார்த்து ஏற்று.

ஐசியூ_தாணே
அக்கா சொன்னதோடு ஒரு எச்சரிக்கை. இந்தப் பையனுக்குத் தலையில் அடி இல்லை, அதனால் சரி. தலையில் பலத்த அடியும் சேர்ந்திருந்தால் கார்பன் டை ஆக்சைடை 25க்கு இறக்குவது மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும். அங்கே 35க்கும் 40க்கும் இடையில்தான் ஓட்ட வேண்டியிருக்கும், பிஹெச்சை வேறு வழியில்தான் பார்க்க வேண்டும். ஆட்டோ மோதலில் வருகிறவர்களில் நிறையப் பேருக்குத் தலையும் அடிபட்டிருக்கும், இது அபூர்வமான சிக்கல் இல்லை.

பேக்கிங்_சர்ஜன்
மயக்கமருந்து மேடம் சொன்னதைப் படித்துச் சந்தோஷப்பட்டேன், ஆனால் நீங்கள் எல்லாரும் எண்ணைச் சுற்றியே பேசுகிறீர்கள். லாக்டேட் 13 ஏன் வந்தது? ரத்தம் வடிகிறது, திசுவுக்கு ஆக்சிஜன் போகவில்லை, செல்கள் ஆக்சிஜன் இல்லாமல் சர்க்கரையை எரிக்கின்றன. தொடையில் டூர்னிகே (ரத்தத்தை நிறுத்த இறுக்கும் பட்டை) கட்டியாயிற்றா, இடுப்பைச் சுற்றி பைண்டர் (உடைந்த இடுப்பெலும்பை இறுக்கிப் பிடிக்கும் பட்டை) போட்டாயிற்றா, தியேட்டர் தயாரா என்று யாராவது கேட்டீர்களா? அதைச் செய்யாமல் பைகார்ப் தள்ளுவது, வீடு எரியும்போது புகை நாற்றம் போக ஊதுபத்தி கொளுத்துகிற மாதிரி.

அமிலம், குளிர், ரத்தம் உறையாமை, இந்த மூன்றும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு போகும் என்று எம்பிபிஎஸ்ஸிலேயே படித்தோம். எவ்வளவு இழுக்கும் என்பதைத்தான் மறந்துவிடுகிறோம். பிஹெச் 7.4இலிருந்து 7.0க்கு இறங்கினால் உறைவுக் காரணி ஏழின் வேலை 90 சதவீதத்துக்கு மேல் விழுந்துவிடுவதைச் சோதனைச் சாலையில் காட்டியிருக்கிறார்கள். “அப்படியென்றால் பைகார்ப் கொடுத்து பிஹெச்சை ஏற்றினால் ரத்தம் உறையுமே” என்று ரெசிடென்ட் கேட்பான், நானும் ஒரு காலத்தில் என் சாரிடம் கேட்டிருக்கிறேன். பன்றிகளில் செய்து பார்த்துவிட்டார்கள். அமிலம் ஏற்றி 7.1க்கு இறக்கி, பிறகு பைகார்ப் கொடுத்து 7.4க்குத் திரும்பக் கொண்டுவந்தார்கள். பிஹெச் சரியாயிற்று, உறைவு சரியாகவில்லை. ரத்தத்தை உறையவைக்கும் ஃபைப்ரினோஜனும் பிளேட்லெட்டும் ஏற்கனவே செலவாகிப் போயிருந்தன. அதைத் திரும்பத் தருவது பிளாஸ்மாவும் பிளேட்லெட்டும் கிரையோவும்தான் (ஃபைப்ரினோஜன் செறிந்த பிளாஸ்மாப் பகுதி).

அதனால் என் பதில் ஒன்றுதான். தொடைக்கு டூர்னிகே, இடுப்புக்கு பைண்டர், வயிற்றுக்குள்ளும் ரத்தம் இருந்தால் திற, அமுக்கித் துணியை அடை, குடலைத் தைத்து இணைக்க உட்காராதே, மூடாமல் மேலே பையைப் போட்டு ஐசியூவுக்கு அனுப்பு. 1993இல் ஃபிலடெல்ஃபியாவில் ரொட்டோண்டோவும் ஷ்வாப்பும் எழுதிய கட்டுரைக்குப் பிறகு உலகம் முழுக்க இதைத்தான் செய்கிறார்கள். பிஹெச் 7.2க்குக் கீழே, உடம்புச் சூடு 35க்குக் கீழே என்றால் அன்று முழு ஆபரேஷன் கிடையாது. மிச்சத்தை ஒன்றிரண்டு நாள் கழித்து, அமிலம் இறங்கிய உடம்பில் செய்யலாம். இடுப்புக்குள் வடியும் ரத்தம் பைண்டருக்கும் அடங்கவில்லை என்றால் வயிற்றைத் திறக்காமல் எலும்புக்குப் பின்னால் பேக்கிங், அல்லது ஆஞ்சியோவில் குழாயை அடைப்பது.

செம்பூர்_சிஸ்டர்
வணக்கம். நான் ட்ராமா ஐசியூவில் ஸ்டாஃப் நர்ஸ். டாக்டர்கள் எல்லாரும் எழுதிவிட்டீர்கள், ஒருவர்கூட அந்தப் பையனுடைய டெம்பரேச்சர் என்ன என்று கேட்கவில்லை. ரெசிடென்ட் சாரும் எழுதவில்லை.

மும்பையில் யாருக்குக் குளிரும் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். ஜூலையில் தண்டவாளத்தில் நனைந்து கிடந்து, ஸ்ட்ரெச்சரில் ஈரச் சட்டையோடு ஏசி கேஷுவல்டிக்கு வந்து, ஃபிரிட்ஜில் 2இலிருந்து 6 டிகிரியில் இருந்த ரத்தப் பையை வார்டு மாமா ஓடிப்போய் வாங்கி வந்து அப்படியே தொங்கவிட்டால் உடம்பு என்ன ஆகும்? வாரத்துக்கு ஒரு முறையாவது சார்ட்டில் “94” என்று எழுதியிருப்பதைப் பார்ப்பேன். ஏன் சரியாக 94 என்று பார்த்தால், பழைய பாதரசத் தெர்மாமீட்டரில் கோடே 94 ஃபாரன்ஹீட்டில்தான் ஆரம்பிக்கிறது. அதற்குக் கீழே அது காட்டவே காட்டாது. ஆளின் சூடு 91 ஆகக்கூட இருக்கலாம், சார்ட்டில் 94. வார்டில் உணவுக்குழாய் ப்ரோபோ குறைந்த டெம்பரேச்சர் காட்டும் கருவியோ இருந்தால் அதைப் போடுங்கள், இல்லையென்றால் 94ஐ நம்பாதீர்கள்.

சூடு ஒரு டிகிரி செல்சியஸ் குறைந்தால் உறைவு வேலை சுமார் பத்து சதவீதம் குறையும் என்று எங்களுக்கு வகுப்பு எடுத்திருக்கிறார்கள். எனக்கு அந்தக் கணக்கைவிட, காயத்திலிருந்து வரும் ரத்தம் டிரேயில் தண்ணீர் மாதிரி ஓடிக்கொண்டே இருப்பதுதான் தெரியும். ஈரத் துணியை வெட்டி எறிந்து, துடைத்து, தலையையும் சேர்த்துப் போர்த்துங்கள். ஏசியை நிறுத்துங்கள், டாக்டர்களுக்கு வியர்த்தால் வியர்க்கட்டும். ரத்தம் வார்மர் வழியாகத்தான் போக வேண்டும்.

அடுத்து கால்சியம் 0.82. அதைப் பற்றியும் யாரும் பேசவில்லையே.

மாட்டுங்கா_மயக்கமருந்து
சிஸ்டருக்கு ஒரு கும்பிடு. கால்சியத்தை நான்தான் எழுதியிருக்க வேண்டும். பையில் இருக்கும் ரத்தம் உறையாமலிருக்க சிட்ரேட் போட்டிருக்கிறார்கள், அது உடம்புக்குள் போய் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். நல்ல கல்லீரல் அதைச் சீக்கிரம் கரைத்துவிடும், ஷாக்கில் இருக்கும் கல்லீரலால் முடியாது. கால்சியம் இல்லாமல் ரத்தமும் உறையாது, இதயமும் சரியாக அழுத்தாது. அதனால்தான் இப்போது மூன்றோடு நாலாவதாக இதையும் சேர்த்துச் சொல்கிறார்கள். அயனைஸ்டு கால்சியத்தை 1.1க்கு மேல் வைத்திருக்க வேண்டும். நம்மூரில் எல்லா டிராலியிலும் இருப்பது 10 சதவீத கால்சியம் குளூகோனேட் 10 மில்லி. அதே அளவு கால்சியம் குளோரைடில் மூன்று மடங்கு கால்சியம் இருக்கும், ஆனால் அது தோலுக்கு வெளியே கசிந்தால் சதையைக் கருக்கிவிடும், பெரிய வெயினில் மட்டும்தான்.

சோடாபைகார்ப் போகும் லைனிலேயே கால்சியத்தைத் தள்ளாதீர்கள். குழாய்க்குள் வெள்ளையாகச் சுண்ணாம்பு மாதிரி படியும், லைன் அடைத்துக்கொள்ளும். அட்ரினலின், நார்அட்ரினலினும் பைகார்போடு ஒரே லைனில் போகக் கூடாது, அவை செயலிழந்துவிடும்.

ஐசியூ_தாணே
சரி, பைகார்ப் கட்சிக்கு நான்தான் ஒரே வக்கீல் போலிருக்கிறது. சர்ஜன் சார் சொன்னது எல்லாம் சரி, ரத்தத்தை நிறுத்தாமல் பைகார்ப் கொடுப்பதை நானும் ஆதரிக்கவில்லை. ஆனால் ரெசிடென்ட் கேட்டது இடைப்பட்ட அந்த ஒரு மணி நேரம். பிஹெச் 6.9இல் ஆளை லிஃப்டில் ஏற்றித் தியேட்டருக்குக் கொண்டுபோகும்போது பிபியை ஏற்றும் நார்அட்ரினலின் மருந்தை எவ்வளவு ஏற்றினாலும் பிபி ஏறாமல் நின்ற கேஸ்கள் எனக்குத் தெரியும். பைகார்ப் கொடுத்தேன், ஏறியது. இது சான்று இல்லை, தெரியும். ஆனாலும் கையில் ஒன்றும் இல்லாமல் நிற்க முடியாது.

சான்று கேட்பவர்களுக்கு: பிரான்சில் நடந்த பைகார் ஐசியூ ஆய்வு, 2018இல் லான்செட்டில் வந்தது, 389 பேர். பிஹெச் 7.20 அல்லது அதற்குக் கீழே இருந்த ஐசியூ நோயாளிகளுக்கு 4.2 சதவீத பைகார்ப். மொத்தக் கூட்டத்தில் பார்த்தால் முக்கியமான முடிவில் வித்தியாசம் இல்லை. ஏற்கனவே சிறுநீரகம் நன்றாக அடிபட்டிருந்தவர்களில் மட்டும் பலன் தெரிந்தது, டயாலிசிஸ் தேவையும் குறைந்தது. நசுங்கிய தொடை, உயரும் பொட்டாசியம், தேநீர் நிறத்தில் மூத்திரம் என்று சிறுநீரகம் அடிபடும் அறிகுறிகளோடு வருகிறவனுக்கு என் கை பைகார்ப் பக்கம் போவது அதனால்தான்.

பேக்கிங்_சர்ஜன்
அந்த ஆய்வில் பெரும்பாலோர் ரத்தம் வடிந்துகொண்டிருந்த ட்ராமா நோயாளிகள் இல்லையே ஐயா. செப்சிஸ்காரனுக்கு (கடும் தொற்று வந்தவனுக்கு) வந்த பலனை ஹார்பர் லைனில் விழுந்தவனுக்குக் கடன் வாங்கக் கூடாது.

ஐசியூ_தாணே
ஒப்புக்கொள்கிறேன். நீங்களும் பன்றியை மனிதனுக்குக் கடன் கொடுத்தீர்கள்.

பேக்கிங்_சர்ஜன்
😄 சரி, டிரா.

மாட்டுங்கா_மயக்கமருந்து
இரண்டு பேரும் டிரா சொல்லிக்கொண்டாலும் கணக்கு பாக்கி இருக்கிறது. பைகார்ப் அமிலத்தோடு சேர்ந்தால் என்ன வரும்? தண்ணீரும் கார்பன் டை ஆக்சைடும். நம் ஆம்ப்யூல் 7.5 சதவீதம், 25 மில்லி, அதில் சுமார் 22 மில்லி ஈக்விவலன்ட். அது முழுக்க வேலை செய்தால் அரை லிட்டருக்குக் கிட்டே கார்பன் டை ஆக்சைடு. நாலு ஆம்ப்யூலைச் சேர்த்துத் தள்ளினால் இரண்டு லிட்டர். ரேட் 14இல் இருக்கும் வென்டிலேட்டர் அதை எங்கே கொண்டுபோய்க் கொட்டும்? கார்பன் டை ஆக்சைடு செல்லுக்குள் சுலபமாக நுழையும், பைகார்ப் அவ்வளவு சுலபமாக நுழையாது. வெளியே பிஹெச் ஏறியதாகக் காகிதம் காட்டும், உள்ளே இன்னும் புளிக்கும். அதோடு சோடியம் ஏறும், அயனைஸ்டு கால்சியம் இன்னும் கீழே போகும், 0.82 இருக்கிறவனுக்கு அது சின்ன விஷயம் இல்லை. ஹீமோகுளோபின் ஆக்சிஜனை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும்.

எனவே கொடுப்பதென்றால் மூச்சு ரேட்டை முதலில் ஏற்று, கால்சியத்தை வேறு லைனில் கொடு, ஒரேயடியாகத் தள்ளாமல் மெதுவாக விடு, அரை மணியில் ஏபிஜி எடு. இலக்கு 7.4 இல்லை. 7.15, 7.2 வந்தால் நிறுத்து. என் கை அதற்குப் போவது பிஹெச் 7.1க்குக் கீழே இருந்து, ரேட் எல்லாம் ஏற்றியும் அசையாமல், பிபி மருந்துக்கு மசியாமல் நிற்கும்போது. அல்லது பொட்டாசியம் ஏறி ஈசிஜியில் அலை அகலமாகும்போது, அங்கேயும் கால்சியமும் இன்சுலின் டெக்ஸ்ட்ரோஸும் முதலில்.

கல்யாண்_ஃபாஸ்ட்
மன்னிக்கவும், நான் டாக்டர் இல்லை, பாங்க்கில் வேலை. என் பெரியம்மா மகன் நாசிக் ஹைவேயில் பைக்கில் அடிபட்டு ஐசியூவில் இருக்கிறான். நேற்று ரவுண்ட்ஸில் டாக்டர் “ரத்தத்தில் அமிலம் ஏறியிருக்கிறது” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். தேடிக்கொண்டு வந்ததில் இந்த இழை கிடைத்தது. பாதி புரியவில்லை. பெரியம்மா, “வெறும் வயிற்றில் கட்டிங் சாய் குடித்துக்கொண்டே இருப்பான், அல்சர், அதனால்தான் அமிலம்” என்று அழுதுகொண்டிருக்கிறார். ஊரிலிருந்து போன் செய்த மாமா, டியூப் வழியாக ஆப்பசோடாத் தண்ணீர் கொடுக்கச் சொல்லிக் கேட்கச் சொல்கிறார். பிழைப்பானா?

செம்பூர்_சிஸ்டர்
அண்ணா, பெரியம்மாவிடம் முதலில் சொல்லுங்கள், டீக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. வயிற்று அமிலம் வேறு, இது வேறு. ரத்தம் நிறையப் போனதில் உடம்பின் தசைகளுக்கு ஆக்சிஜன் போதாமல் அவை தயாரிக்கும் அமிலம் இது. அவன் எதுவும் தப்பாகச் சாப்பிட்டதால் வந்ததில்லை. ஆப்பசோடாத் தண்ணீர் வேண்டாம், வாய் வழியாகவோ டியூப் வழியாகவோ வீட்டு வைத்தியம் எதுவும் கொண்டுபோகாதீர்கள், கேட்டுச் சங்கடப்படவும் வேண்டாம்.

பிழைப்பானா என்று இங்கே இருந்து யாராலும் சொல்ல முடியாது, சொன்னால் நம்பாதீர்கள். நாளைக்கு ரவுண்ட்ஸில் டாக்டரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: ரத்தம் வடிவது நின்றுவிட்டதா, லாக்டேட் நேற்றைவிட இன்று குறைந்திருக்கிறதா. இரண்டுக்கும் ஆமாம் என்றால் சரியான திசையில் போகிறது. காலையில் ரவுண்ட்ஸ் முடிந்த பிறகு கேட்டால் பொறுமையாகப் பேசுவார்கள். வீட்டில் யாராவது ரத்தம் கொடுக்கும் நிலையில் இருந்தால் பிளட் பாங்க்குக்கு அனுப்புங்கள், அந்த மாமாவின் கையிலும் ஏதாவது வேலை இருக்கும்.

கல்யாண்_ஃபாஸ்ட்
நன்றி அக்கா. எழுதிக்கொண்டேன். மாமா ஊரில் இருக்கிறார், ஆனால் அலுவலகத்தில் நாலு பேர் வருகிறேன் என்றிருக்கிறார்கள்.

பன்வேல்_நர்சிங்ஹோம்
நீங்கள் எல்லாரும் பெரிய ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து பேசுகிறீர்கள். புனே எக்ஸ்பிரஸ்வேயில் அடிபட்டவர்கள் முதலில் எங்களைப் போன்ற ஆளிடம்தான் வருகிறார்கள். ஏபிஜி மெஷின் கிடையாது, ரத்தம் கிடையாது. ஆர்எல் (ரிங்கர்ஸ் லாக்டேட் டிரிப்) போட்டால் “அதில் லாக்டேட் இருக்கிறது, அசிடோசிஸ் கூடும்” என்று சீனியர்கள் சொல்லியிருக்கிறார்கள், அதனால் நார்மல் சலைன்தான் ஓட்டுகிறோம், மூன்று லிட்டர் ஓட்டி பிபி 110 கொண்டுவந்துதான் ஆம்புலன்ஸில் ஏற்றுகிறோம். அதில் என்ன தப்பு என்று சொல்லுங்கள், திட்டாமல்.

ஐசியூ_தாணே
திட்டமாட்டேன் டாக்டர், முதல் கை நீங்கள்தான். ஆனால் அந்த மூன்று லிட்டரின் விலையை நாங்கள் பார்க்கிறோம். பிளாஸ்மாவில் குளோரைடு 100 சுற்றி இருக்கிறது, நார்மல் சலைனில் 154. ஏற்கனவே அமிலத்தில் இருக்கிறவனுக்கு அது வேறொரு அமிலத்தை மேலே ஊற்றுகிறது. இங்கே வந்தபிறகு லாக்டேட் இறங்கிக்கொண்டே இருக்கும், பேஸ் டெஃபிசிட் மட்டும் அசையாது, ரத்தம் எங்கேயோ வடிகிறதோ என்று சிடி எடுத்துத் தேடுவோம், கடைசியில் பார்த்தால் குளோரைடு 118. ஆர்எல்லில் இருப்பது லாக்டிக் அமிலம் இல்லை, சோடியம் லாக்டேட். கல்லீரல் அதைப் பைகார்பனேட்டாக மாற்றிவிடும், குளோரைடும் 109தான். தலையில் பலத்த அடி என்றால் மட்டும் சலைன், ஏனென்றால் ஆர்எல் சற்று நீர்த்தது, மூளை வீக்கத்துக்கு ஆகாது. ரத்தம் போகும் லைனில் ஆர்எல் கூடாது, அதில் கால்சியம் இருக்கிறது.

பேக்கிங்_சர்ஜன்
எந்த டிரிப் என்பதைவிட எவ்வளவு என்பதுதான் முக்கியம். ஓட்டை அடையும் முன் பிபியை 110க்குத் தள்ளினால் உறைந்திருந்த கட்டி பிய்த்துக்கொண்டு போகும், மிச்ச ரத்தமும் நீர்த்துப் போகும். தலையில் அடி இல்லாதவனுக்கு மேல் பிபி 80, 90 இருந்து, பேச்சுக்குப் பதில் சொல்கிறான், மணிக்கட்டில் நாடி தெரிகிறது என்றால் போதும். தலையில் அடி என்றால் இந்தச் சலுகை கிடையாது, அங்கே பிபி விழவே கூடாது.

உங்களிடம் இல்லாததை விடுங்கள், இருப்பதைச் சொல்கிறேன். ரத்தக் கசிவைக் குறைக்கும் டிரானெக்சாமிக் அமிலம் எல்லா மெடிக்கல் ஷாப்பிலும் கிடைக்கிறது. ஒரு கிராம், பத்து நிமிடத்தில். 2010இல் வந்த கிராஷ் 2 ஆய்வில் 20,000க்கு மேல் நோயாளிகள், நம் நாட்டு ஆஸ்பத்திரிகளும் நிறையப் பங்கெடுத்தவை, அதில் சாவு குறைந்தது. ஆனால் அடிபட்டு மூன்று மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும், அதற்குப் பிறகு கொடுத்தால் நன்மை இல்லை, கெடுதல்கூட வரலாம். அந்த மூன்று மணி நேரம் எங்களிடம் வந்து சேர்வதற்குள் முடிந்துவிடுகிறது, உங்கள் கையில்தான் இருக்கிறது. இடுப்புக்கு பைண்டர் இல்லையென்றால் பெட்ஷீட்டை மடித்து இறுக்கிக் கட்டுங்கள். வயிற்றைச் சுற்றி இல்லை, தொடை எலும்பு பக்கவாட்டில் முட்டிக்கொண்டு நிற்கும் மேட்டின் மட்டத்தில். நிறையப் பேர் பெல்ட் கட்டும் இடத்தில் கட்டி அனுப்புகிறார்கள், அது ஒன்றுக்கும் உதவாது. டூர்னிகே போட்டால் மணியை நெற்றியிலோ துணியிலோ எழுதுங்கள். போன் செய்து சொல்லிவிட்டு அனுப்புங்கள், நீங்கள் கலம்போலி தாண்டுவதற்குள் இங்கே ரத்தம் எடுத்து வைத்துவிடலாம்.

பன்வேல்_நர்சிங்ஹோம்
பெட்ஷீட் விஷயம் நாளையே சிஸ்டர்களுக்குக் காட்டுகிறேன். மூச்சு வாங்கினால் டியூப் போட்டு அனுப்பவா?

மாட்டுங்கா_மயக்கமருந்து
மூச்சுக்குழாய் அடைத்திருந்தாலோ ஆக்சிஜன் ஏறவில்லை என்றாலோ போடத்தான் வேண்டும். வேகமாக மூச்சு வாங்குகிறான் என்பதற்காக மட்டும் போடாதீர்கள், மேலே சொன்ன அதே கதைதான். ஆம்புலன்ஸில் ஒருவர் பையை நிமிடத்துக்குப் பன்னிரண்டு முறை அமுக்கிக்கொண்டு வருவார், வாஷி பாலத்தில் ஹார்ட் நிற்கும். போட்டே ஆக வேண்டும் என்றால் முதலில் திரவமோ ரத்தமோ ஓடட்டும், மயக்க மருந்தான கெட்டமினைப் பாதி அளவில் கொடுங்கள், பிறகு வேகமாக அமுக்குங்கள்.

எலும்பு_முலுண்ட்
ஆர்த்தோவிலிருந்து வந்திருக்கிறேன். எனக்கு ஒரே கேள்வி, தொடை எலும்புக்கு நெயில் (எலும்புக்குள் செலுத்தும் உலோகக் கம்பி) எப்போது அடிக்கலாம்? நாங்கள் பாதிப் பேர் லாக்டேட் 4.0க்குக் கீழே, பிஹெச் 7.25 அல்லது மேலே, பேஸ் எக்சஸ் மைனஸ் 5.5 (அதாவது பேஸ் டெஃபிசிட் 5.5) அல்லது அதைவிட நல்லது என்ற மூன்றில் ஒன்றாவது வந்தால் 36 மணிக்குள் அடிப்போம். ஐசியூவில் “இன்னும் பேஸ் டெஃபிசிட் 8” என்று தள்ளிப் போடுகிறார்கள்.

ஐசியூ_தாணே
குளோரைடு எவ்வளவு என்று கேளுங்கள். லாக்டேட் 2, குளோரைடு 116 என்றால் அந்த 8 பெரும்பாலும் சலைன் தந்தது, நெயிலுக்குத் தடை இல்லை. லாக்டேட் 5 என்றால் எக்ஸ்டர்னல் ஃபிக்சேட்டரோடு (எலும்பைத் தற்காலிகமாக வெளியிலிருந்து பிடிக்கும் சட்டம்) நிறுத்துங்கள்.

லாக்டேட் எத்தனை மணியில் இறங்குகிறது என்பது பழைய விஷயம்தான், ஆனாலும் சொல்கிறேன். 1993இல் 76 ட்ராமா நோயாளிகளை வைத்து ஏப்ராம்சன் குழு பார்த்தது: 24 மணிக்குள் லாக்டேட் 2க்கு வந்தவர்கள் எல்லாரும் பிழைத்தார்கள், 48 மணியிலும் வராதவர்களில் பிழைத்தவர்கள் ஏழில் ஒருவர்தான். சின்ன ஆய்வு, பழைய காலம், ஆனால் திசை மாறவில்லை. இறங்காமல் நின்றால் எண்ணைப் பார்த்துக்கொண்டு உட்காராமல் தேட வேண்டும். எங்காவது இன்னும் வடிகிறதா, குடல் துண்டு செத்திருக்கிறதா, காலில் காம்பார்ட்மெண்டா (தசைக்குள் அழுத்தம் ஏறி ரத்தம் போகாமல் போவது), வயிற்றழுத்தம் ஏறியிருக்கிறதா. எல்லாம் சுத்தமாக இருந்தால் அட்ரினலின் டிரிப்பைப் பாருங்கள், அதுவே லாக்டேட்டை ஏற்றும். சாராயம் குடித்திருந்தவனா, சர்க்கரை நோய்க்காரனா என்பதும். சர்க்கரை 500ம் கீட்டோனுமாகி மயங்கியதால்தான் வண்டியை மோதியிருக்கிறான் என்று மறுநாள் தெரியவந்த கேஸ்களும் உண்டு.

சயான்_ரெசிடென்ட்
எல்லாருக்கும் நன்றி. டூர்னிகேயும் பைண்டரும் வந்தவுடனே போட்டிருந்தோம் சார், எழுதவில்லை. ரேட்டை 28 ஆக்கினோம், கால்சியம் போயிற்று, பேக்கிங் முடிந்தது, பைகார்ப் உடைக்கவில்லை. இரண்டாவது ஏபிஜியில் பிஹெச் 7.17, லாக்டேட் 11. சிஸ்டர் சொன்ன பிறகு ப்ரோப் போட்டால் டெம்பரேச்சர் 33.4. இப்போது ஐசியூவில் இருக்கிறான், ரத்தம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. கடைசியாக ஒன்று, இனி எத்தனை பைக்கு ஒரு முறை கால்சியம்?

செம்பூர்_சிஸ்டர்
எங்கள் யூனிட்டில் நாலு பைக்கு ஒரு முறை கொடுத்துவிட்டு, ஏபிஜி வரும்போது அயனைஸ்டு கால்சியத்தைப் பார்த்துக் கூட்டிக் குறைக்கிறோம். வேகமாகப் போனால் இன்னும் சீக்கிரம். உங்கள் யூனிட்டில் வேறு வழக்கம் இருந்தால் அதைப் பாருங்கள்.

மாட்டுங்கா_மயக்கமருந்து
நாளை மறுநாள் பிஹெச் 7.5 வந்தால் பதறாதே தம்பி. இத்தனை பையில் போன சிட்ரேட்டைக் கல்லீரல் விழித்துக்கொண்டதும் பைகார்பனேட்டாக மாற்றும், ஆல்கலோசிஸ் வரும். நேற்று பைகார்ப் ஏற்றியிருந்தால் அதுவும் சேர்ந்திருக்கும். அப்போது ரேட்டை 28இலேயே விட்டுவிடாமல் இறக்கு, பொட்டாசியத்தைப் பார், 5.4 இருந்தது 3க்குக் கீழேகூடப் போயிருக்கலாம்.